நான் போன சந்தைக்கு அவர் போன கதை

கனடாவில், மில்லிக்கனில் ஒரு பிளாசாவின் பின்பக்கத்து மண்டபத்தில், ரோல்ஸ் தட்டை மூடியிருந்த வெள்ளித்தாளை உரித்துக்கொண்டு நின்றபோதுதான் என் வாழ்க்கையின் ஒரு காலைப்பொழுதை இன்னொருவர் மைக்கில் சொல்லக் கேட்டேன். “நான் முதல்முதல் அந்த மீன்சந்தைக்குப் போன காலமை,” என்று என் முதலாளியான அங்கிள் தொடங்கினார். “இன்னும் நல்லா விடியேல்லை. குளிர் எண்டால் குளிர். எனக்கு வீட்டு நினைப்பு வந்திட்டுது. வெக்கத்தை விட்டுச் சொல்லுறன், கவிட்டு வச்சிருந்த மீன்பெட்டியில குந்தியிருந்து குழந்தைப்பிள்ளை மாதிரி அழுதனான். பக்கத்தில மீன் வெட்டிக்கொண்டிருந்த மனுசி ஒருத்தி, ஆரெண்டும் கேக்கேல்லை, எந்த ஊரெண்டும் கேக்கேல்லை. கையில போட்டிருந்த சிவப்பு ரப்பர் உறையைக் கழட்டிப்போட்டு, தனக்கெண்டு வச்சிருந்த சோத்தையும் சூப்பையும் என்ர கையில தந்தா.” அந்த இடத்தில் அவர் நிறுத்தினார். எங்கே நிறுத்தவேண்டும் என்பது அவருக்கு எப்போதும் தெரியும். மண்டபத்தில் எண்பது பேராவது இருந்திருப்பார்கள். ஒரு கதிரைகூட அசையவில்லை. மூன்றாவது வரிசையில் என் அம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அங்கிள் அந்தச் சந்தைக்குப் போனதில்லை. அது இருக்கிற புசான் நகரத்துக்கும் போனதில்லை. கொரியாவின் மண்ணை அவருடைய சப்பாத்து அதுவரை மிதித்ததேயில்லை. போனது நான். பெட்டியில் குந்தியிருந்து அழுததும் நான். சோறு வாங்கிச் சாப்பிட்டதும் நான்தான். ஊரான் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்று பரிமாறிக்கொண்டு நின்றார் அவர்.

அவர் காலமாகி ஒரு மாதம் ஆகிறது. எங்கள் ஆட்களின் வழக்கப்படி முப்பத்தோராம் நாள் கொடுக்கிற நினைவுமலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரும்படி அவருடைய வீட்டார் என்னைக் கேட்டார்கள். “நீங்கள்தானே அவரோட வேலை செய்தனீங்கள், வடிவா எழுதுவியள்,” என்றார்கள். நினைவுமலர்களில் இறந்தவர்கள் எல்லோருமே தங்கமானவர்கள்; கோபக்காரர், கஞ்சர், பொய்யர் என்று ஒருவரையும் எங்கள் சமூகம் இதுவரை தகனம் செய்ததில்லை. எனக்கு நேரமில்லை என்று சொன்னேன். நேரம் இருந்தது. அந்த நேரத்தில்தான் இதை எழுதுகிறேன்.

அவருடைய பயண அலுவலகம் ஒரு சேலைக்கடைக்கும் பல் வைத்தியருக்கும் நடுவில் இருந்தது. ஸ்காபரோவில் இருந்து காசிக்குப் போனவர்கள், கம்போடியக் கோயில்களைப் பார்த்தவர்கள், கப்பலில் அலாஸ்கா போனவர்கள் என்று பாதிப்பேர் அவரோடுதான் போய்வந்தார்கள். எல்லோருக்கும் அவர் அங்கிள். அவரைவிட மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். வயதானவர்களின் மருந்துப் பைகளைத் தானே தூக்குவார். ஒருவருடைய பாஸ்போர்ட் தொலைந்தால் அந்த ஆளைவிட அதிகமாக வியர்ப்பார். நல்ல குணங்கள் இல்லாத மனிதர் என்று நான் சொல்லவில்லை. அந்த நல்ல குணங்கள் என் கோபத்துக்குப் பெரிய இடைஞ்சலாக இருந்தன.

நான் அவரிடம் வேலைக்குச் சேர்ந்தது கொரியாவிலிருந்து திரும்பிவந்த பிறகு. பல்கலைக்கழகம் முடித்து ஒரு வேலையும் சரிவராமல், புசானில் சின்னப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் படிப்பிக்கப் போனேன். கனடாவில் என் வயதுப் பிள்ளைகள் பலர் அப்படிப் போய்க்கொண்டிருந்தார்கள். அம்மாவுக்கு அது பிடிக்கவேயில்லை. கலியாணம் பேசுகிற வயதில் பெண்பிள்ளை தனியே ஒரு தேசத்தில் போய் இருப்பதா என்று மோர்னிங்சைட் வீட்டில் மூன்று மாதம் சண்டை. போனபிறகும் சண்டை தொலைபேசியில் தொடர்ந்தது. ஒருநாள், “இனி எனக்குப் போன் எடுக்காத. எனக்கொரு மகள் இல்லையெண்டு நினைச்சுக்கொள்ளுறன்,” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அறையில் இருக்க முடியாமல், விடியமுதல் எழும்பி, கடலை நோக்கி நடந்து, அந்தச் சந்தையில் போய் அழுதது அடுத்தநாள்தான். இரண்டு வருடம் கழித்து நான் திரும்பியபோது அம்மா கதவைத் திறந்தார், சாப்பாடு போட்டார். ஆனால் கொரியா என்ற சொல்லை எங்கள் வீட்டில் ஒருவரும் எடுக்கவில்லை. அம்மா கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

கொரிய நாடகங்கள் எங்கள் அன்ரிமாரைப் பிடித்த காலம் அது. “பிள்ளை, சனம் கொரியா கொரியா எண்டு கேக்குது. நீ இருந்த இடம்தானே, பார்க்கிற இடமெல்லாத்தையும் ஒருக்கா எழுதித் தாவன்,” என்று அங்கிள் கேட்டார். ஒரு வாரம் வேறு வேலை தொடாமல் கொப்பியில் நாற்பது பக்கம் எழுதினேன். வீட்டில் சொல்லமுடியாத இரண்டு வருடமும் அந்தக் கொப்பிக்குள் இறங்கியது. ஜகல்ச்சி மீன்சந்தையில் விற்பவர்களில் அநேகர் பெண்கள், முழங்கால் மட்டும் ரப்பர் சப்பாத்துப் போட்டவர்கள், வாங்காமல் விலை மட்டும் கேட்டால் நன்றாக ஏசுவார்கள் என்று எழுதினேன். கீழே வாங்கிய மீனை மேல்மாடிக்குக் கொண்டுபோனால் சமைத்துத் தருவார்கள். விலாங்கைத் தோலுரிக்கும்போது பார்க்கவேண்டாம் என்று நினைப்பீர்கள், ஆனாலும் பார்ப்பீர்கள். வீதியைக் கடந்தால் இன்னொரு பெரிய சந்தை. கம்பளி, கண்ணாடி, சட்டி பானை, பழைய பட்டாளத்துச் சட்டை எல்லாம் கிடைக்கும். யுத்தத்துக்குத் தப்பி ஓடிவந்த அகதிகள் கையில் கொண்டுவந்ததை நிலத்தில் விரித்து விற்றதில் தொடங்கிய சந்தை அது. பக்கத்தில் உள்ள பழைய புத்தகச் சந்தும் அப்படித்தான் பிறந்தது. நீலமும் மஞ்சளுமாய் மலைச்சரிவில் அடுக்கிய வீடுகளை எல்லோரும் படம் எடுக்கிறார்கள். ஒரு காலத்தில் அவையும் அகதிகளின் தகரக் கொட்டில்கள். எங்கள் ஆட்களுக்கு இந்த நகரத்தை ஒருவரும் விளக்கத் தேவையில்லை என்று எழுதினேன். விதைகள் வைத்துச் சுட்ட இனிப்பு ரொட்டியைக் கடிக்கமுதல் ஒரு நிமிடம் பொறுங்கள், உள்ளே இருக்கும் பாகு நாக்கைப் பொசுக்கும் என்றும் எழுதினேன். நூற்றெட்டுப் படி இறங்கிப் போகிற கடலோரத்துக் கோயிலைப் பற்றி மூன்று பக்கம் எழுதினேன். மீன்காரியைப் பற்றி ஒன்றரைப் பக்கம். கொப்பியைக் கொடுத்தபோது, “மேசையில வச்சிட்டுப் போ,” என்றார்.

அதற்குப் பிறகு அந்த ஒன்றரைப் பக்கத்தை, புசான் பயணத்துக்கு ஆள் சேர்க்க அவர் வைத்த மண்டபக் கூட்டத்தில்தான் கேட்டேன். கூட்டம் முடிந்து அம்மாவை வீட்டுக்குக் கூட்டிப்போனேன். “பாவம் அந்த மனுசன். எவ்வளவு தனிமையில இருந்திருப்பார்,” என்றார் அம்மா. அம்மா, அது நான் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அது முறைப்பாடாகத்தான் இருக்கும். எடுத்தவர் வாயாலேயே அது வரவேண்டும் என்று நினைத்தேன். அவர் என் பெயரைச் சொல்லவேண்டும், அதை அம்மா கேட்கவேண்டும். அதைவிட வேறொன்றையும் நான் அந்த மனிதரிடம் ஆசைப்பட்டதில்லை.

அடுத்தநாள் அலுவலகத்தில் கேட்டேன். “அங்கிள், அது நான் எழுதினது. நீங்கள் போனதெண்டு சொன்னியள்.” அவர் கோபப்படவில்லை. எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். “இரு பிள்ளை. உனக்கு நல்லதுக்குத்தான். கலியாணம் கட்டாத பெட்டை, தனிய உந்தக் கொரியாவில ரெண்டு வருஷம் நிண்டவள், விடியப்புறம் மீன்சந்தையில இருந்து அழுதவள் எண்டால் சனம் என்ன கதைக்கும்? ஏன் அழுதவள் எண்டு கேப்பினம். ஆரால அழுதவள் எண்டு கேப்பினம். நான் சொன்னால் அது அனுபவம். நீ சொன்னால் அது வம்பு. உன்ர அம்மாவையும் ஒருக்கா யோசி.” பிறகு கொப்பியை என் பக்கம் தள்ளினார். அதை ரைப் பண்ணிச் சின்னப் புத்தகமாக அடிக்கவேண்டுமாம். அட்டையில் அவருடைய படம் வரும். தொப்பி போட்ட படம் ஒன்றும் எடுத்து வைத்திருந்தார்.

ரைப் பண்ணும்போது ஒன்றைக் கவனித்தேன். அவர் வாசித்த பக்கங்களில் எல்லாம் மேல்மூலையில் சிவப்புப் பேனையால் சரி போட்டிருந்தார். முப்பத்தோராம் பக்கத்தோடு சரிகள் நின்றுவிட்டன. நாற்பதாவது பக்கத்தில், எப்போது போகக்கூடாது என்று எழுதியிருந்தேன். இலையுதிர்காலத்துப் பூரணையை ஒட்டி மூன்று நாள் கொரியாவில் சுசொக் பெருநாள். முன்னோருக்குப் படையல் வைக்க எல்லோரும் தங்கள் தங்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். சந்தை பூட்டு, சாப்பாட்டுக்கடை பூட்டு, வீதியில் பேருந்து நகராது. முதல் வருடம் தெரியாமல் மாட்டுப்பட்டு, சந்திக் கடையில் விற்ற முக்கோணச் சோற்றுப் பொதியை மூன்று நாளும் தின்று காலம் தள்ளியவள் நான். அந்தப் பக்கத்தை ரைப் பண்ண விரல் வைத்தேன். பிறகு எடுத்துவிட்டேன். கொப்பியிலிருந்து அந்தத் தாளையும் கிழித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன்.

அது மட்டும் என்றால் ஒரு கோபக்காரியின் சின்னக் குறும்பு என்று விட்டுவிடலாம். மிச்சத்தை அங்கிளே செய்தார். அவர் எந்தப் பயணத்துக்கும் கலண்டர் பார்த்துத்தான் திகதி வைப்பார். பலசரக்குக் கடையில் சும்மா கொடுக்கிற தமிழ்க் கலண்டர் அவருடைய கதிரைக்குப் பின்னால் தொங்கும். புறப்படுவது ராகுகாலம் தவிர்த்து, காசியில் நிற்பது அமாவாசையில், மலைக்கோயில் என்றால் பூரணையில். எங்கள் சனத்துக்கு அது பிடிக்கும் என்பதை அவர் நெடுங்காலம் முன்பே கண்டுபிடித்துவிட்டார். புசானுக்கும் அப்படியே கலண்டரைப் புரட்டினார். விரல் புரட்டாதிப் பூரணையில் வந்து நின்றது. “பூரணை, கடல், கோயில். மூண்டும் ஒண்டாய் வந்தால் சனம் விழுந்தடிச்சுக்கொண்டு வரும்,” என்றார். எங்களுக்குப் பூரணையாக இருக்கிற சந்திரன் கொரியாக்காரருக்கும் அன்றைக்குப் பூரணைதான் என்று அந்தப் பெரிய மனிதர் ஒரு கணம் யோசித்திருக்கலாம். “அந்த நேரம் அங்க வெதர் எப்பிடி பிள்ளை?” என்று என்னைத்தான் கேட்டார். “அருமையான வெதர் அங்கிள். வானம் துடைச்சு விட்ட மாதிரிக் கிடக்கும்,” என்றேன். அதில் ஒரு சொல் பொய்யில்லை.

உள்ளூர் வழிகாட்டி வைக்கலாமா என்று கேட்டதற்கு, “நான் இருக்கிறன், பிறகெதுக்கு?” என்றார். விடுதி, பேருந்து எல்லாவற்றுக்கும் கடிதப் போக்குவரத்து என் கணினியில் நடந்தது. பேருந்துக்காரர் மிகவும் பண்பாக ஒரு மின்னஞ்சல் போட்டிருந்தார். அது எங்கள் பெருநாள் வாரம், நெரிசல் அதிகமாக இருக்கும், பல கடைகள் இருக்காது, திகதி சரிதானா என்று பார்த்துச் சொல்லுங்கள் என்று. சரிதான் என்று நானே பதில் போட்டேன். போட்டுவிட்டுத் தேத்தண்ணி ஊற்றிக் குடித்தேன். அன்றைய தேத்தண்ணி நல்ல ருசியாக இருந்தது.

பயணிகள் பட்டியல் இருபத்தொரு பேரோடு நிறைந்திருந்தது. ஒருநாள் காலையில் பார்த்தால், அங்கிளின் கையெழுத்தில் இருபத்திரண்டாவதாக என் அம்மாவின் பெயர். “ஸ்ராஃபின்ர அம்மா, முன் சீற்றில இருக்கட்டும். உனக்குச் சொல்லாமல் வச்சிருந்தனான்,” என்று சிரித்தார். வீட்டில் அம்மா முறுக்குச் சுட்டுக்கொண்டிருந்தார். எதற்கு இவ்வளவு என்று கேட்டேன். “அந்த மீன்கார மனுசிக்குக் கொஞ்சம் கொண்டுபோகோணும். ஆரெண்டு தெரியாத பிள்ளைக்குச் சோறு குடுத்த கையெல்லே,” என்றார். பிள்ளை என்று சொன்னது அறுபது வயது அங்கிளை. அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது வாயைத் திறந்திருந்தால் எல்லாம் வேறுமாதிரிப் போயிருக்கும். திகதியை மாற்ற இன்னும் இரண்டு கிழமை இருந்தது. திறக்கவில்லை. என் கோபம் அம்மாவைவிடப் பெரிதாக வளர்ந்திருந்தது. இதை எழுதும்போதுகூட எனக்குக் கை கூசவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அவர்கள் போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள், இங்கே பின்னேரம், அங்கே அடுத்தநாள் காலை, தொலைபேசி அடித்தது. நான் மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தேன். “பிள்ளை, என்ன உது? சந்தையில ஒரு கடை திறக்கேல்லை. காகம் குருவி இல்லை. மற்றச் சந்தையும் பூட்டு, புத்தகக்கடையும் பூட்டு. சனம் பசியில என்னைத் தின்னுது,” என்றார் அங்கிள். மைக்கில் கேட்கிற குரல் இல்லை அது. கத்தியைக் கீழே வைத்துவிட்டு, கையைத் துடைத்து, ஆறுதலாகக் கதிரையில் இருந்தேன். “அப்பிடியோ அங்கிள்? புத்தகத்தில ஒருக்காப் பாருங்கோவன். எல்லாம் நீங்கள் விபரமா எழுதிக் கிடக்குதெல்லே,” என்றேன். அந்தப் பக்கம் அவர் மூச்சு விடுவது கேட்டது. அவருக்கு விளங்கிவிட்டது. எத்தனையோ மாதம் பொத்தி வைத்திருந்த பலகாரத்தைத் தனியே இருந்து தின்றதுபோல் இருந்தது எனக்கு. அப்போது தூரத்தில் அம்மாவின் குரல் கேட்டது. “அந்த மனுசி எந்தப் பக்கம் இருந்தவா எண்டு சொன்னால், கதவடியிலயாவது வச்சிட்டு வரலாம்,” என்று அங்கிளைக் கேட்டுக்கொண்டிருந்தார். வாசலிலிருந்து இடதுபக்கம், பச்சைத் தூணுக்கு அடுத்த இரண்டாவது இடம் என்று எனக்குத் தெரியும். அங்கிளுக்குத் தெரியாது. நான் தொலைபேசியை வைத்துவிட்டேன்.

பெருநாள் மூன்று நாளும் என்ன நடந்தது என்று பிறகு கேள்விப்பட்டேன். மலைவீடுகளைப் பார்க்க ஏற்றத்தில் ஏறி, இரண்டு பேருக்கு முழங்கால் வீங்கியது. கடல்கோயிலுக்கு அரைமணி ஓட்டம். நாலு மணித்தியாலம் பேருந்துக்குள் இருந்தார்கள். கோயில் திறந்துதான் இருந்தது. புசானில் உள்ள அத்தனை குடும்பமும் அங்கேதான் நின்றதாம். விடுதியில் சுடுதண்ணீர் ஊற்றிய நூடில்ஸ். சனிக்கிழமை விரதம் பிடிப்பவர்களுக்கு வெறும் சோறும் உப்பும்.

திரும்பிவருகிற நாள் விமான நிலையத்துக்குப் போனேன். எங்கள் ஆட்கள் ஒருவரைக் கூப்பிட ஐந்துபேர் போவார்கள் என்பது தெரிந்ததுதானே. இருபத்திரண்டு பேரைக் கூப்பிட ஒரு கலியாண வீட்டுச் சனம் நின்றது. வண்டிகளைத் தள்ளிக்கொண்டு வந்தவர்கள் ஒவ்வொருவரும் வந்தவுடனே தங்கள் பிள்ளைகளிடம் முறையிடத் தொடங்கினார்கள். அங்கிள் கடைசியாக வந்தார். தொப்பியைக் கையில் வைத்திருந்தார். சுற்றிப் பார்த்து என்னைக் கண்டுபிடித்தார். பிறகு பேருந்தில் ஆட்களை எண்ணும்போது செய்வதுபோல் இரண்டு கையையும் தட்டினார்.

“எல்லாரும் ஒரு நிமிஷம் நில்லுங்கோ. ஒண்டு சொல்லோணும். அந்தப் புத்தகம் நான் எழுதினதில்லை. உந்தா நிக்கிற பிள்ளைதான் எழுதினது. இவதான் அங்க ரெண்டு வருஷம் இருந்தவ. எல்லா இடமும் இவவுக்குத்தான் தெரியும். அதை நம்பித்தான் உங்களைக் கூட்டிக்கொண்டு போனன். பெருநாள் எண்டு அதில ஒரு சொல் இல்லை. பிழை என்னில இல்லை.”

என் முழுப்பெயரையும் சொன்னார். அப்பாவின் பெயரையும் சேர்த்துச் சொன்னார். நான் ஆசைப்பட்டது அதுதான். நூறு பேருக்கு முன்னால், அம்மா பக்கத்தில் நிற்க, அவர் வாயாலேயே வந்தது. குற்றவாளியாக நிறுத்துவதற்கு மட்டும்தான் என் பெயர் அவருக்குத் தேவைப்பட்டது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே இரண்டும் சரியான விலாசத்துக்குத்தான் வந்திருந்தன. புத்தகத்தில் யாருடைய படம் இருக்கிறதென்று பாருங்கள் என்று சொல்லித் தப்பியிருக்கலாம். அப்படிச் சொன்னால் அது மறுபடியும் அவருடைய புத்தகமாகிவிடும். “ஓம். நான்தான் எழுதினனான். முதல் வரியில இருந்து கடைசி வரி மட்டும்,” என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது.

கூட்டம் என்னை ஏசுவதற்கு வாயைத் திறந்த நேரத்தில், வண்டியில் கையை ஊன்றிக்கொண்டு நின்ற ரீச்சர் அன்ரி ஒரு கேள்வி கேட்டார். மட்டக்களப்பில் முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர். ஒரு கணக்கில் பிழை எங்கே என்று பார்ப்பது அவருக்குப் பழக்கம். “அங்கிள், கொஞ்சம் பொறுங்க. அப்ப நீங்க அந்த மீன்சந்தைக்கு முன்னம் போனதே இல்லையா?”

அங்கிள் வாயைத் திறந்தார். “அது என்னெண்டால்,” என்றார்.

“அப்ப அண்டைக்கு அழுதது ஆரு?”

என்னைப் பிடித்துத் தள்ளப்போய்த் தானே குழிக்குள் இறங்கி நிற்கிறார் என்பது அங்கிளுக்கு அப்போதுதான் உறைத்தது. தொப்பியை எடுத்துப் போட்டார், பிறகு கழற்றினார். யாரோ ஒரு பேரப்பிள்ளை ஆங்கிலத்தில், “வெயிற், ஹி மேட் இற் அப்?”, எல்லாம் கட்டுக்கதையா என்று கேட்டுவிட்டுச் சிரித்தது. அம்மா அங்கிளைப் பார்க்கவில்லை. திரும்பி என்னைத்தான் பார்த்தார்.

அதற்குப் பிறகும் அங்கிளின் வியாபாரம் படுத்துவிடவில்லை. சனத்துக்கு மறதி அதிகம், விமானச் சீட்டும் தேவை. ஆனால் அவர் மைக்கைப் பிடித்து, நான் போனபோது என்று தொடங்கினால், பேருந்தின் பின்வரிசையிலிருந்து யாராவது ஒருவர், “நீங்கள் போனதோ அங்கிள், ஆரும் எழுதித் தந்ததோ?” என்று கேட்டுவிடுவார்கள். கடைசிக் காலத்தில் கதை சொல்வதை நிறுத்திவிட்டாராம். நயாகராவுக்குக் கூட்டிப்போனால்கூட இறங்குகிற இடத்தையும் ஏறுகிற நேரத்தையும் மட்டும் சொல்லுவாராம். இதைக் கேட்ட ஒவ்வொரு தடவையும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவர் என்னை வேலையிலிருந்து நிறுத்தவில்லை. அடுத்த கிழமை நானே விலகினேன். பிறகு ஒருநாளும் நாங்கள் பேசிக்கொண்டதில்லை. போன ஞாயிறு முப்பத்தொன்றுக்கு அம்மா போகவேண்டும் என்றார். இப்போது இருக்கிற விட்பியிலிருந்து கொண்டுவந்து வாசலில் இறக்கிவிட்டு, அம்மா சாப்பிட்டு வரும்வரை நான் காருக்குள்ளேயே இருந்தேன்.

இவ்வளவு காலம் போனபிறகும், ஆள் சாம்பலான பிறகும் உனக்கென்ன இவ்வளவு வன்மம் என்று என் தோழிகள் கேட்கிறார்கள். பழிதான் வாங்கிவிட்டாயே என்கிறார்கள். விமான நிலையத்திலிருந்து வீட்டுக்கு வந்த அந்தப் பயணத்தைப் பற்றி அவர்களுக்குத் தெரியாது.

அம்மா முன் சீற்றில் இருந்தார். நெடுஞ்சாலையில் ஏறினேன். பெருநாள் என்று தெரிந்துகொண்டுதான் போகவிட்டாயா என்று கேட்பார், அதற்கு ஓம் என்று சொல்லவேண்டும் என்று ஆயத்தமாக இருந்தேன். அம்மா கேட்டது வேறு. “ஏன் அழுதனீ?”

“நீங்கள் போன் எடுக்கவேண்டாம் எண்டு சொன்ன அடுத்தநாள், அம்மா.”

நெடுஞ்சாலையை விட்டு மோர்னிங்சைட்டுக்குத் திரும்பினேன். அம்மா கையை மடியில் கோத்துக்கொண்டு முன்னால் பார்த்தபடி இருந்தார். வீட்டு வாசலில் காரை நிறுத்தினேன். இறங்குவார் என்று பார்த்தால் இறங்கவில்லை. “சொல்லு. முதலில இருந்து சொல்லு,” என்றார்.

சொன்னேன். எத்தனை வருடம் காத்திருந்த தருணம் அது. அறையை விட்டு வெளியே வந்தது, கையுறை இல்லாமல் நடந்தது, கவிழ்த்து வைத்த பெட்டி எல்லாம் சொன்னேன். அம்மா அழுவார் என்று காத்துக்கொண்டே சொன்னேன். அழவில்லை. கேட்ட கதையைக் கேட்பதுபோல் நான் சொல்லமுதலே தலையாட்டிக்கொண்டிருந்தார். மீன்காரி உறையைக் கழற்றிய இடத்துக்கு நான் வரமுதலே, “சிவப்பு உறை,” என்றார். அடுத்தது சோறும் சூப்பும் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. நான் முடித்தேன். அம்மாவின் கண் காய்ந்திருந்தது. என் முழங்காலில் கையை வைத்து இரண்டு தரம் தட்டினார். அவருக்கு என்னை நோகடிக்கும் எண்ணம் கொஞ்சமும் இல்லை. மனதில் பட்டதைச் சொன்னார்.

“அந்தாள் இதை இன்னும் வடிவாச் சொன்னவர்.”

அது உண்மைதான். நானும் அந்த மண்டபத்தில் நின்று கேட்டவள்தானே. அம்மா எனக்காக அழவேண்டிய அழுகையை மூன்றாவது வரிசையில் இருந்து அவருக்கு அழுது முடித்துவிட்டார். எனக்கு மிச்சம் இருக்கவில்லை.